பெஞ்சைத் திரும்பிப் பார்த்தவள்

1

இந்தக் கதை என் வீட்டு வாஷிங் மெஷின் முன்னால் தொடங்கியது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான பிறப்பிடம் இல்லைதான். என்ன செய்ய, அங்கேதான் தொடங்கியது.

தங்கை வீட்டு மெஷின் கெட்டுப்போயிருந்தது. அணியின் சட்டைகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கோப்பை ஜெயித்த அடுத்த வாரம் அது. மெஷினைப் போட்டுவிட்டுத் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, வட்டக் கண்ணாடிக்குள் சட்டைகள் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதை நீ கதையா எழுதேன்."

"எதை?"

"நாங்க ஜெயிச்சதை."

இழவு வீட்டுக்கு வழி சொல்கிற குரலில் சொன்னாள். எழுதுகிறேன் என்றேன். எழுதுகிறவர்களிடம் எதையாவது எழுதச் சொன்னால், முதலில் தலையாட்டிவிட்டுப் பிறகுதான் யோசிப்போம்.

"ஆனா ஒண்ணு. கதையில நான் டைம்-அவுட் கேக்கணும்."

அது ஏன் என்று உங்களுக்குப் போகப்போகத் தெரியும். எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததால்தான் காபி போட எழுந்து போனேன்.

2

தொடக்கங்கள்.

(அ) அன்று காலையிலிருந்தே மழை [அடித்தாயிற்று. மழை பெய்யவில்லை. பெய்திருந்தாலும் ஆட்டம் நடந்தது கூரைக்குக் கீழே.]

(ஆ) தோல்வி என்பது உண்மையில் [இதை முடித்தால் என்னைப் பட்டமளிப்பு விழாவுக்குப் பேசக் கூப்பிடுவார்கள்.]

(இ) என் தங்கை ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்துக் கோச்.

இதை வைத்துக்கொள்கிறேன். அழகில்லை, ஆனால் பொய்யில்லை.

அவளுடைய அணி மோசமான அணி அல்ல. அதுதான் கொடுமை. மோசமான அணி என்றால் தோற்றுவிட்டு, சிரித்துக்கொண்டே பஸ் ஏறலாம். எதிரே எவ்வளவு பெரிய அணி இருந்தாலும் இவர்கள் கடைசி வரை சரிக்குச் சரி நிற்பார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு கூடை, ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்பார்கள். ஒரு சீசன் முழுக்க அப்படி. ஒவ்வொரு தடவையும் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு, "பாவம், நல்லாத்தான் ஆடினீங்க" என்பார். அந்தப் 'பாவம்' என்கிற வார்த்தையைக் கேட்டாலே தங்கைக்கு உடம்பெல்லாம் எரியும். இன்னொரு சீசன் இப்படிப் போனால் அணியையே கலைத்துவிடுவதாகப் பேச்சு இருந்தது. மைதானத்தை வண்டி நிறுத்தும் இடமாக்க அளவுகூட எடுத்துவிட்டார்கள்.

3

தங்கை என்னென்ன செய்தாள் என்று எழுத வேண்டும். பயிற்சியைப் பற்றி எழுதினால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டுவார்கள் என்று என் பதிப்பாசிரியர் சொல்வார். என் கதைகள் கடைசிப் பக்கத்தில் தோற்பவை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வகையில் தங்கையும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

பயிற்சி ஆட்டங்களை அவள் முதலிலிருந்து தொடங்குவதை நிறுத்தினாள். "ரெண்டு பாயின்ட் பின்னாடி இருக்கோம், ரெண்டு நிமிஷம் இருக்கு, ஆரம்பிங்க." விசில். முடிந்ததும் மறுபடி அதே இரண்டு நிமிடம். மூச்சு வாங்க ஓடவிட்டு, கை நடுங்கும்போதே ஃப்ரீ த்ரோ போடச் சொன்னாள். ஆட முடியாதவர்களை ஓரத்தில் நிறுத்தித் தட்டுகளைத் தட்டிக் கத்தச் சொன்னாள். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. பயிற்சியில் எல்லாம் நன்றாக நடந்தது. ஆட்டத்தில் மறுபடி ஒரு கூடையில் தோற்றார்கள்.

பிறகு ஒருநாள், யாரோ பார்வையாளர் போனில் எடுத்த வீடியோவை என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தாள். பார்த்தவள் நிறுத்தினாள். பின்னால் தள்ளினாள். மறுபடி பார்த்தாள்.

"அக்கா, இங்க பாரு. பந்து யார்கிட்ட இருக்கு?"

"நெட்டைகிட்ட." (அணியில் உயரமான பெண். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் கோபப்பட மாட்டாள்.)

"நெட்டை எங்க பாக்குறா?"

நெட்டை கூடையைப் பார்க்கவில்லை. வீடியோவுக்கு வெளியே, கோச் உட்காரும் பெஞ்சு இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற நால்வரும்கூட. காதுகளை மட்டும் எங்கேயோ கழற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி. வீடியோவில் கேட்கிற ஒரே குரல் என் தங்கையுடையது. "பாஸ் பண்ணு! இல்ல, வேணாம்! இந்தப் பக்கம்! ஐயோ, அந்தப் பக்கம்!"

"நான்தான்க்கா தோத்திருக்கேன்" என்றாள். "அவங்க ஆடறாங்க. கடைசியில நான் பூந்து கெடுக்கிறேன்."

மறுநாள் பெண்களை உட்காரவைத்து ஒரு விதி சொன்னாள். கடைசி இரண்டு நிமிடம் நான் வாயைத் திறக்க மாட்டேன். எழுந்திருக்க மாட்டேன். ஆட்டத்தை நிறுத்த டைம்-அவுட் கேட்க மாட்டேன். என்ன செய்யணும்னு குருவி முடிவு பண்ணுவா. (குருவியும் அணியில் ஒருத்தி. அதுவும் பட்டப்பெயர்தான்.)

4

குருவியை எழுதுவதில்தான் எனக்குச் சிக்கல்.

முதல் பிரதியில் அவளை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. [கிழித்தாயிற்று.] நடந்த கெடுதலுக்கு ஏற்ற மாதிரி ஆளை முன்கூட்டியே புனிதமாக்குவது எழுத்தாளர்களின் மட்டமான தந்திரம். நானும் செய்திருக்கிறேன், இந்தக் கதையில் வேண்டாம்.

எனவே: குருவி குள்ளம். வாய் அதிகம். மற்றவர்கள் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறப்பாள். தங்கை விசில் ஊதும்போது கன்னம் உப்புகிற விதத்தை அப்படியே செய்துகாட்டி எல்லாரையும் சிரிக்கவைப்பாள். தோற்றால் யாரோடும் பேசாமல் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். அம்மா தையல்காரர். அப்பா இல்லை. படிப்பு முடிந்ததும் ஒரு கம்பெனி அணி அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆட்டத்தோடு வேலையும். அந்த வீட்டில் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள்.

விதி வேலை செய்தது. முதல் ஆட்டத்தில் தங்கை தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பழக்கதோஷத்தில் பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றுமில்லை. பிறகு குருவியைப் பார்த்தார்கள். குருவி எதையோ சொல்ல, நெட்டை போட்டாள், ஜெயித்தார்கள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒரு கூடையில் தோற்ற அணி ஒரு கூடையில் ஜெயிக்கிற அணியாகிவிட்டது. முதல்வர் 'பாவம்' சொல்வதை நிறுத்தினார். பெஞ்சைப் பார்க்கிற வழக்கமும் மெல்ல நின்றுபோனது.

அந்த மாதங்களில் என் தங்கை அழகாக இருந்தாள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

5

இறுதி ஆட்டம்.

நான் பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அதனால் ஆடுகிறவர்களின் முகம் எனக்குத் தெரிந்தது. தங்கையின் முதுகு மட்டும் தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் எங்காவது எழுதியிருந்தால் அது கற்பனை.

கடைசிச் சில வினாடிகள். ஒரு பாயின்ட் பின்னால். குருவி பந்துக்காகப் பாய்ந்து, எதிரணிப் பெண்ணின் காலில் தட்டிக் கோணலாக விழுந்தாள். பந்து வெளியே போயிற்று. விசில். பந்து நமக்கு.

குருவி உடனே எழுந்தாள். வலது காலை ஊன்றினாள். முகம் ஒரு கணம் கசங்கியது, காகிதத்தைக் கைக்குள் கசக்குகிற மாதிரி. [உவமை வேண்டாம்.] முகம் கசங்கியது. சரியானது. பெஞ்சில் மாற்று ஆட்டக்காரி தானாகவே எழுந்து மேல்சட்டையைக் கழற்றத் தொடங்கினாள்.

அப்போது குருவி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தச் சீசனில் நின்றுபோயிருந்த அந்தப் பார்வை. ஆட்டம் நின்றிருந்தது. கேட்டால் டைம்-அவுட் கிடைத்திருக்கும், குருவியை வெளியே எடுத்திருக்கலாம். என் தங்கை குனிந்தாள். முதுகு வளைவது எனக்குத் தெரிந்தது. கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. எழுந்து நின்ற பெண் மறுபடி உட்கார்ந்தாள்.

குருவி பந்தை வாங்கினாள். யாருக்கும் தரவில்லை. இரண்டு பேருக்கு நடுவே புகுந்து, அதே காலை ஊன்றி எம்பினாள். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி [இப்படித்தான் எல்லாரும் எழுதுவார்கள். சுற்றவெல்லாம் இல்லை] நேராக விழுந்தது.

குருவியும் விழுந்தாள். எழுந்திருக்கவில்லை. எல்லாரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தபோது, அவளும் சந்தோஷத்தில்தான் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சத்தம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அவள் கத்துவது கேட்டது.

6

முழங்கால் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்த டாக்டர், நடக்கலாம், படி ஏறலாம், போட்டியில் ஆடுவதை மறந்துவிடுங்கள் என்றார். கம்பெனி அணி பூங்கொத்து அனுப்பியது. பிறகு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டது.

நானும் தங்கையும் பார்க்கப் போனோம். குருவியின் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "வாங்க டீச்சர்" என்று நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் தங்கை வந்திருந்தாள். அவர் டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டார். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

குருவி காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஏதேதோ பேசினார்கள். கிளம்பும்போது அவளே சொன்னாள்.

"கோச், அன்னைக்கு நான் உங்களைப் பாக்கலை. கடிகாரத்தைத்தான் பாத்தேன். எவ்வளவு நேரம் இருக்குன்னு."

"சரிம்மா" என்றாள் தங்கை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பிறகு, "கடிகாரம் பெஞ்சுக்கு எதிர்ச் சுவத்துலக்கா" என்றாள்.

எனக்கும் தெரியும். ஆட்டம் முழுக்க நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "விதின்னு ஒண்ணு வெச்சே. அதுப்படிதானே உக்காந்திருந்தே" என்றேன்.

"விதிக்காக வாயை மூடினேனா, ஜெயிக்கணும்னு மூடினேனா? அதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். தெரியலைக்கா. நிஜமாவே தெரியலை. அவ விழுந்தப்ப, பந்து உள்ள போச்சான்னுதான் முதல்ல பாத்தேன்."

இந்த வரியைக் கதையில் சேர்க்கலாமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். "சேத்துக்கோ, அதை மட்டும் விட்டுடாதே" என்றாள்.

7

அவள் கேட்டபடியே ஒரு பிரதி எழுதினேன். அதில் அவள் எழுந்து டைம்-அவுட் கேட்கிறாள். குருவியை உட்காரவைக்கிறாள். மாற்று ஆட்டக்காரி போடுகிறாள், பந்து வளையத்தில் பட்டு வெளியே போகிறது. ஒரு பாயின்டில் தோற்கிறார்கள். முதல்வர் 'பாவம்' என்கிறார். குருவி, "எனக்கு ஒண்ணுமே இல்ல, எதுக்கு வெளியே எடுத்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கத்துகிறாள். அதற்குப் பிறகு தங்கையோடு பேசுவதே இல்லை. சில வாரம் கட்டுப்போட்டுக் காலைச் சரியாக்கிக்கொண்டு கம்பெனி அணிக்குப் போய் ஆடுகிறாள். தன்னை நம்பாத கோச்சைப் பற்றி அங்கே இருப்பவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள்.

தங்கைக்குப் படித்துக் காட்டினேன்.

"கடைசியில அவ ஓடறாளா?"

"ஓடறா."

"நல்லாருக்கு" என்றாள். தாளை வாங்கிப் பார்த்து, "என்னைத் திட்டற இடத்துல இன்னும் ரெண்டு வரி சேரு" என்றாள். அதற்குப் பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம்க்கா. நடக்காததை எழுதி யாருக்கு என்ன ஆகப்போகுது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

[அந்தப் பிரதி என்னிடம் இருக்கிறது. எழுத்து என்ற அளவில் இதைவிட நன்றாகவே இருக்கிறது.]

8

முந்தைய பகுதியோடு முடிக்கலாம் என்றிருந்தேன். இப்போது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, தங்கை வந்து தன் போனை என் தாள்மேல் வைத்தாள். குருவியிடமிருந்து செய்தி.

"கோச், நாளையிலேர்ந்து புது டீமுக்கு பிராக்டிஸாமே. நான் வந்து ஓரமா உக்காந்து பாக்கலாமா?"

"நீதானே எழுத்தாளர். என்ன பதில் போடணும்னு சொல்லு" என்றாள் தங்கை.

"நீ என்ன நினைக்கிறே?"

"வான்னு சொன்னா, மத்தவங்க ஓடறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. தினமும். வேணாம்னு சொன்னா..." பாதியிலேயே எழுந்தாள். முகம் கழுவப் போய்விட்டாள். உள்ளே குழாய் திறந்திருக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. நேரமாகிறது, இன்னும் மூடவில்லை.

'வா' என்று அடித்தேன். அழித்தேன். 'கொஞ்ச நாள் போகட்டும்மா' என்று அடித்தேன். அது அக்கறை மாதிரியும் இருந்தது, கதவைச் சாத்துகிற மாதிரியும் இருந்தது. அழித்தேன். 'நீ அன்னைக்கு' என்று தொடங்கி, அதையும் அழித்தேன்.

இத்தனை பக்கம் எழுதியவளுக்கு ஒரு வரி வரவில்லை. போனை உங்கள் கையில் தருகிறேன். என் தங்கையை உங்களுக்கு இப்போது ஓரளவு தெரியும், குருவியையும். யோசித்து, நிதானமாக எழுதுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் அடித்து அடித்து அழிக்கும்போதெல்லாம் 'டைப்பிங்' என்று அவளுக்கு அங்கே தெரியும். அவள் ஆன்லைனில்தான் இருக்கிறாள்.