வெறும் தண்ணீர் ஆவி

தேயிலை கண்ட வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் கருவாடு இருந்தால் கருவாட்டையும், கற்பூரம் இருந்தால் கற்பூரத்தையும் உறிஞ்சிவிடும். அதனால் இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துத் தேயிலைப் பெக்டரிக்குள் எண்ணெய்த் தலையோடும் பூ வைத்த கொண்டையோடும் யாரும் நுழையக் கூடாது. மாயாண்டி வெற்றிலைகூடப் போடமாட்டான். அவன் வேலையே மூக்கு வேலை.

உருட்டி நசுக்கிய கொழுந்தைச் சிமெந்துத் தரையில் பரப்பி வைப்பார்கள். காற்றுப் பட்டதும் பச்சை மெல்லச் செம்பு நிறமாகும். முதலில் அறுத்த புல்லின் வாடை வரும். அது அடங்கிய பிறகு கனிந்த பேரிக்காயின் வாசம் கிளம்பும். அந்த வாசம் உச்சத்தைத் தொடும்போது அள்ளி, இலையைக் காய வைக்கும் சூட்டு மெசினுக்குள் போட்டுவிட வேண்டும். முந்தினால் பச்சைக் கசப்பு, பிந்தினால் புளிப்பு. மழைக்கும் வெயிலுக்கும் நேரம் மாறுவதால் மணிக்கூட்டை நம்ப முடியாது. ஒரு பிடி அள்ளி மோந்து மாயாண்டி "அள்ளு" என்பான். ஒன்பது வருசமாக அது பிசகியதில்லை.

ஐம்பத்தேழாம் வருசத்து ஆனி மழையில் அவனுக்குத் தடிமல் பிடித்து மூக்கு இரண்டும் அடைத்துக்கொண்டன. முதல் நாள் இலையின் நிறத்தைப் பார்த்தும், புறங்கையை வைத்துச் சூடு பார்த்தும் சமாளித்தான். இரண்டாம் நாள் ஒரு குவியல் புளித்துவிட்டது. தேத்தண்ணீரைச் சுவைத்துத் துப்பிய டீமேக்கர் ஐயா, பெக்டரிக்குப் பொறுப்பானவர், நிதானமாகச் சொன்னார்.

"நாளைக்கும் மூக்கு தெறக்கலன்னா கவ்வாத்து மலைக்குப் போ. மூக்கில்லாதவனுக்கு இங்க என்ன வேல?"

கவ்வாத்து என்றால் நாள் முழுக்க மழையில் நின்று கத்தியால் செடி வெட்டுவது. அவன் இடத்துக்கு, இலை உருட்டும் ரோலரில் நின்ற பொன்னையா வெகு நாளாகக் காத்திருந்தான்.

தடிமலுக்கு உள்ள மருந்தெல்லாம் வாசம்தான்: ஹமீத் நானா கடைத் தைலம், ஓமம், பூண்டு, யூக்கலிப்டஸ் இலை. மாயாண்டி எதையும் தொடக் கூடாது. அவனுக்கு மிஞ்சியது உப்புத் தண்ணீரும் ஆவியும். மூக்கை அடைப்பது சளி மட்டுமல்ல; உள்தோல் வீங்கிக் காற்று போகும் வழியை நெரித்துக்கொண்டிருக்கும். ஆவி சளியை இளக்கும். வீக்கமோ தானாகத்தான் வற்ற வேண்டும், அதற்கு நாளாகும். நாள்தான் அவனிடம் இல்லை.

வெறும் தண்ணீரை மட்டும் கொதிக்க வைக்கும்படி பெண்சாதி பேச்சியம்மாவிடம் மூன்று தடவை சொன்னான். வெறும் தண்ணீரால் இரண்டு நாளாக ஒன்றும் நடக்காததை அவள் பார்த்திருந்தாள். அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற யூக்கலிப்டஸ் மரத்தில் இரண்டு கொத்து ஒடித்துப் போட்டுக் கொதிக்க வைத்து, இலைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். அவனுக்குத் தெரிய வழியில்லை. கண் எரிந்தது, சூடு என்று நினைத்துக்கொண்டான். தலையை மூடியிருந்த கம்பளித் துண்டு ஆவியில் ஊறியது. அதை அவள் அடுப்புக்கு மேலே காயப் போட்டாள். காலையில் அதையே தலையில் கட்டிக்கொண்டு போனான். ஒரு மூக்கில் நூல் அளவு காற்றுப் போயிற்று.

இலை பரப்பும் அறை வாசலில் நின்று பொன்னையாவைக் கூப்பிட்டான்.

"எம்மேல ஏதும் வாடை அடிக்குதா, பாருடா."

பொன்னையா நெருங்கி வந்து காதோரம், பிடரி, துண்டு என்று அவசரமில்லாமல் மோந்தான். பத்தடி தள்ளிச் சூட்டு மெசினில் நின்ற இரண்டு பேர் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்கே வாடை எட்டியிருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. அடுப்புப் பொகதான். தைரியமா உள்ள போங்க."

ஈர இலைமேல் குனிந்து குனிந்து மாயாண்டி மோந்தான். துண்டின் நுனி குவியலுக்குக் குவியல் உரசியது. பாதி நினைவிலும் பாதி ஊகத்திலும் "அள்ளு" என்றான். மத்தியானம் வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவன் மட்டும், கோயிலுக்குள் வந்தது போல இருக்கிறதென்று சொல்லிவிட்டு வெளியே ஓடிப்போய்ச் சிரித்தான்.

பகல் சுவை பார்த்த டீமேக்கர் ஐயா கோப்பையை வைத்துவிட்டு நேரே அறைக்கு வந்தார். ரோலர்க்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தினார். மாயாண்டியின் தலையிலிருந்து துண்டை உருவி அவன் கையிலேயே கொடுத்தார்.

"இதுல என்ன வாசம்? சரியாச் சொல்லிட்டா இங்கயே இரு."

மாயாண்டி துண்டில் முகத்தைப் புதைத்து நீளமாக இழுத்தான். ஒன்றுமே இல்லை. நிமிர்ந்து பொன்னையாவைப் பார்த்தான். காலையில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அடுப்புப் பொகைங்கய்யா."

சிரிப்பு ரோலர் சத்தத்தை மீறிக் கேட்டது. பொன்னையா சிரிக்கவில்லை. தரையிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்து மோந்து, "அள்ளு" என்றான்.

கெட்டுப்போன தேயிலையைக் கொழும்புக்கு அனுப்ப முடியாதென்று லயங்களுக்குப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்துவிட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அதற்கு மாயாண்டித் தேத்தண்ணி என்று பேர் விழுந்தது. ஏன் அந்தப் பேர் என்று பேச்சியம்மாவுக்கு முதல் கோப்பையிலேயே விளங்கியது. இன்னொரு கோப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

கவ்வாத்துக்குப் போன ஐந்தாம் நாள் மாலை, மலையிலிருந்து நனைந்து வந்த மாயாண்டி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனபோது மூக்கு திறந்தது. கோப்பையை மோந்தான். கொடியில் கிடந்த துண்டை எடுத்து மோந்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எத்தன கொத்துப் போட்ட?"

"ரெண்டு. ஒங்களுக்குத் தெறக்கணும்னுதான்..."

தன் கோப்பையை அவள் பக்கம் தள்ளினான்.

"குடி."

அவள் குடித்து முடிக்கும் வரை உட்கார்ந்து பார்த்தான். மறுநாளும் பார்த்தான். பொட்டலம் தீர்வதற்கு இரண்டு மாதம் பிடித்தது.