எட்டு பல்பும் ஓர் இஸ்திரிப் பெட்டியும்

தாஹிரா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைச் சொருகியதுதான் தாமதம், டப்பென்று கூடம் இருண்டது. காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

"மறுபடியும் பீஸ் போச்சா?" என்றார் தையல் நிலையத்தை நடத்தும் ராஜாம்பாள் டீச்சர். "லைன்மேன் கையெடுத்துக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு. இந்த லைன் இதுக்கு மேல தாங்காதாம்."

எண்பத்தெட்டு ஜூன். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. நூறு வெள்ளைச் சட்டைகள் தேய்த்து, சாயங்கால பஸ்ஸில் வல்லம் போயாக வேண்டும். போன முறை கரிப்பெட்டியில் தேய்த்துப் பொறி விழுந்து மூன்று சட்டை ஓட்டை. இனி கரியே கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்த ஆர்டரும் போனால் நிலையத்தை மூடிவிடுவதாக மேலிடத்தில் பேச்சு. மூடினால் தாஹிராவுக்கு அவ்வளவுதான். பெண்கள் மட்டும் இருக்கிற இடமாயிற்றே என்று மாமியார் கமருன்னிசா மனசு வைத்து அனுப்புவது இங்கே ஒன்றுக்குத்தான். இதுவும் போனால் திரும்ப வீட்டோடுதான் கிடக்க வேண்டும்.

கட்டடம் நவாப் காலத்து நெல் கிடங்கு. கட்டிய புண்ணியவான் உள்ளே பெண்கள் உட்கார்ந்து ஊசி கோப்பார்கள் என்று கனவா கண்டான்? கை நீளத்துக்குக் கனத்த சுவர். எட்டாத உயரத்தில் குட்டி ஜன்னல்கள். போதாக்குறைக்கு, ஆபீஸ் மாதிரி இருக்கட்டும் என்று டீச்சரே ஆசைப்பட்டு அடிக்க வைத்த கரும்பச்சைச் சுண்ணாம்பு. பட்டப்பகலில் நூறு வாட் பல்புகள் எட்டு எரிந்தால்தான் தையல் தெரியும்.

பீஸ் கம்பியைக் கட்டிவிட்டுத் திரும்பியபோது தாஹிரா ஒன்றைக் கவனித்தாள். கொடியில் சட்டைகள் தொங்கிய பக்கம் உட்கார்ந்திருந்த பவுனம்மாள் ஒரே குத்தில் ஊசி கோத்தாள். வெள்ளைச் சட்டைகள் மறைத்ததில் அங்கே சுவரின் பச்சையே தெரியவில்லை.

மிச்சச் சட்டைகளையும் சுவரோரம் கொடி கட்டி மாட்டினாள். ஒரு பல்பை அணைத்தாள். யாரும் தலை தூக்கவில்லை. இன்னொன்று. இன்னும் இரண்டு. ஐந்தாவதில்தான் பவுனம்மாள் கத்தினாள்.

"எவடி அவ, லைட்ட நிறுத்தறது?"

"நாலு நிறுத்தி அரை மணி ஆவுதுக்கா. நீ பாட்டுக்கு பட்டன் கட்டிகினுதான் இருக்கற."

கூடமே சிரித்தது. பெட்டி சூடேறியது, பீஸ் தாங்கியது. தாஹிராவுக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷம் நாற்பது சட்டை வரைதான். தேய்த்தவை மூட்டைக்குப் போகப் போகப் பச்சைச் சுவர் வெளியே வந்தது. பட்டன் கட்டுகிறவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். பல்பைப் போட்டால் பெட்டி நிற்கும்.

"டீச்சர்... இந்தச் செவுரு..." என்று இழுத்தாள்.

டீச்சர் சுவரை முறைத்தார். விடுவிடுவென்று வெளியே போய்விட்டார்.

"போச்சுடி, கோவம் வந்துட்ச்சி" என்றாள் பவுனம்மாள்.

திரும்பி வந்தவர் கையில் சுண்ணாம்பு வாளியும் மட்டையும். பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிறார்களாம். சட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகி ஸ்டூலில் ஏறினார்.

"நீ இன்னா பாக்கற? பெட்டி காயுது, தேய்."

ஈரச் சுண்ணாம்புக்குள்ளிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. இதற்கா இவ்வளவு பாடு என்று தாஹிராவுக்குச் சப்பென்று ஆனது. ஆனாலும் பஸ் நிற்காதே, குனிந்து தேய்த்தாள். ஜூன் வெக்கையில் சுவர் காயத் தொடங்கியது; காயக் காயச் சுண்ணாம்பு வெளுத்தது. எழுபதாவது சட்டையில் காலர் தையல் தெரிந்தது. எண்பதில் பட்டன் நூல் தெரிந்தது. அடுத்த சட்டையை விரித்தபோது, பெருநாளைக்கு வைத்த மருதாணி அவள் நகங்களில் இன்னும் பாதி சிவந்திருந்ததும் தெரிந்தது.