குறுக்கே வந்தவர்

"இங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா. எதிர்ல ஆஸ்பத்திரியில உங்க தம்பி உடம்பைக் குடுத்துடுவாங்க" என்று போலீஸ்காரர் தாளை நகர்த்தினார்.

அக்கா பேனாவை வாங்கினாள். 'சைக்கிளில் வந்தவர் திடீரெனக் குறுக்கே வந்ததால்' என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

"குறுக்க வந்தான்னு யாரு சொன்னது?"

"கார் ஓட்டுனவர்தான். வேற சாட்சி இல்லையே."

"செத்தவனா எழுந்து வந்து சொல்லப்போறான்!"

பதினெட்டு வருடமாக பஸ் ஓட்டுகிறவள். சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்ப் பூட்டு ரிப்பேர் செய்யும் தம்பியோடு சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எப்போதும் இதே சண்டைதான். "உங்க ஆளுங்களுக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது" என்பாள். "ரோடு என்ன உன் பஸ்ஸுக்குச் சீதனமா வந்ததா?" என்பான் அவன்.

ஆறு வருடத்துக்கு முன் அவள் பஸ் ஒரு சைக்கிள்காரரை உரசியது. அவருக்கு ஒரு கால் போயிற்று. டிப்போவில் அவள் எழுதிக் கொடுத்ததும் அச்சு அசல் இதே வரிதான். தம்பி இரண்டு மாதம் அவள் முகத்தில் விழிக்கவில்லை.

பேனாவைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஸ்டேஷன் முற்றத்தில் தம்பியின் சைக்கிள் கிடந்தது. முன் சக்கரத்தில் ஒரு கீறலும் இல்லை. பின் சக்கரம் முறுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெஞ்சிலிருந்து கார்க்காரன் பதறி எழுந்தான். தம்பி வயதுதான் இருக்கும்.

"மன்னிச்சிடுங்கக்கா. மூணு தடவை ஹார்ன் அடிச்சேன். ஒதுங்கவே இல்ல."

"மூணு தடவையா?"

"சத்தியமாக்கா."

"அப்போ உன் கண்ணு முன்னாடிதான் போயிட்டிருந்தான். எங்கடா குறுக்க வந்தான்?"

அவன் பார்வை முறுக்கிய பின் சக்கரத்துக்குப் போனது.

"எங்க ஒதுங்கச் சொல்ற அவனை? ஓரம் பூரா நம்ம வண்டிங்கதானடா நிக்குது!" அவள் போட்ட சத்தத்தில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

மேசைக்குத் திரும்பினாள். "இப்ப அவன் சொன்னதை எழுதுங்க."

"மாத்தி எழுதுனா உடம்பு கைக்கு வர சாயங்காலம் ஆயிடும்மா. வீட்ல எல்லாரும் காத்துட்டிருப்பாங்க."

"காத்திருக்கட்டும். மூணு தடவைன்னு எழுதுங்க."

அவர் எழுதினார். வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வெயில் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சாலையைக் கடக்க வேண்டும். கையை நீட்டினாள். எந்த வண்டியும் வேகத்தைக் குறைக்கவில்லை. நீட்டிய கையோடு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.