பலாமரத்து உச்சியிலிருந்து ருகையாவை இறக்கிய நூல்

கர்நாடகத்து எல்லாப்பூர் காட்டோரத்தில், ஆப்பிரிக்க வம்சத்துச் சித்தி இன மக்களின் ஊரில் அந்த வருடம் மழை பிந்தியது, மாங்காய் விலை சரிந்தது, இமாம்பியின் மகள் ருகையா தரையைவிட்டு ஒரு முழம் மேலே மிதந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள் பாயில் கண்ணயர்ந்ததும் எழும்பி, ஓட்டுக்கூரையில் போய் முட்டிக்கொண்டாள். ஊர் வந்து பார்த்தது. பார்த்துவிட்டு நாற்றுப் பிடுங்கப் போனது. இமாம்பிதான் வாசலுக்கு ஓடி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வாசலில் தூங்கிவிட்டால்? அங்கே கூரைகூடக் கிடையாதே! வீட்டிலிருந்த பழைய கவந்திகளை, அதாவது கிழிசல் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த கனத்த போர்வைகளை, மகள்மேல் போர்த்திப் பார்த்தாள். அவையும் கூடவே மிதந்தன. அவளுக்கென்றே புதிதாக ஒன்று தைத்தாக வேண்டும் என்று முடிவாயிற்று.

ஹளியாள் சந்தையில் இமாம்பி நைலான் நூல் வாங்கினாள். இரண்டு கையாலும் இழுத்தாலும் அறாத நூல். மருமகளைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து வந்த சம்பந்தி மதீனாபி அதை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

"ஏன் சம்பந்தி, மீன் பிடிக்கப் போறீங்களா?"

"உங்க மருமக பறக்குறா. பருத்தி நூல் போட்டா நிப்பாளா?"

"இது அறாதுதான். துணியை அறுத்துடும்."

"தைக்கிறவ நான். நீங்க டீயைக் குடிங்க."

வழக்கப்படி மூலையில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே வந்து, கவந்தியின் வயிறு காலியாக இருக்கக் கூடாதென்று நடுவில் நாலு அரிசி வைத்து மூடி, மூலைகளில் துணிப்பூவும் தைத்தாள். போர்த்தினாள். ருகையா பாயிலேயே கிடந்தாள்! இமாம்பி தெருவுக்கு ஓடிப்போய்க் கத்தினாள், "நின்னுட்டாடி, எம் மவ நின்னுட்டா!" சம்பந்தியின் காதுக்கு எட்டட்டும் என்று அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தடவையும் கத்தினாள்.

ஒரு வாரம்கூடப் போகவில்லை. வாசலில் படுத்திருந்த ருகையா மத்தியானத் தூக்கத்தில் புரண்டாள். நூல் ஓரிடத்தில்கூட அறவில்லை. தையல் போன வழியெல்லாம் துணிதான் கத்தி வைத்தாற்போல் அறுந்தது. ஒட்டுத்துணிகள் முற்றமெங்கும் உதிர்ந்தன. ருகையா பலாமரத்து உச்சிக் கொப்பில் சிக்கிக்கொண்டு அலறினாள்.

"அம்மா, இடுப்பு வலிக்குது! வலி வந்துடுச்சும்மா!"

இமாம்பி முக்காடு நழுவ ஓடினாள், நேரே மதீனாபி வீட்டுக்கு.

"உங்க பருத்தி நூலைக் குடுங்க சம்பந்தி. திட்டுறதை அப்புறமாத் திட்டுங்க."

"திட்டாம விடுவேனா? மொதல்ல ஊசியை எடுங்க."

ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பலாவடியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மதீனாபி ஒரு துணிக்கீற்றையும் பருத்தி நூலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்தது, துணி அறவில்லை. "இதான் சரியான நூலு. நூல் போனாத் திரும்பத் தைக்கலாம். துணியே போயிட்டா எதைத் தைப்பீங்க?" இமாம்பி முற்றத்தில் உதிர்ந்த துணிகளை அள்ளி வந்து கொட்டினாள். ஊசிகள் பறந்தன, பாட்டு எழுந்தது, மேலே ருகையா முனகினாள், கீழே எல்லோரும் ஒரே குரலில் "இதோடி, ஆச்சுடி!" என்றார்கள். ஆண்கள் கவந்தியை மரத்தில் ஏற்றிப் போர்த்தினார்கள். அது வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி போர்த்தினார்கள், மறுபடி விழுந்தது. மதீனாபி தையலைத் தடவித் தடவிப் பார்த்தாள், ஓரிடத்திலும் விட்டிருக்கவில்லை.

"அடிப் பாவிகளா, பூலா வைக்கலையே!" என்று இமாம்பிதான் கத்தினாள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்துத் தைக்கும் துணிப்பூ அது. அது இல்லாத கவந்தி அம்மணம். அவசரத்தில் அத்தனை பேரும் மறந்திருந்தார்கள். அம்மணமாக எது நாலு பேர் முன்னால் நிற்கும்? இமாம்பி தன் முக்காட்டையே கிழித்து மடித்தாள், மதீனாபி தைத்தாள். இந்தத் தடவை கவந்தி ருகையாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கொப்பு கொப்பாக, பதனமாக இறங்கியது.

முதுகு தரையில் பட்டதும் குழந்தை பிறந்தது. ருகையாவுக்குக் கனம் திரும்பிவிட்டது, குழந்தை மேலே கிளம்பிவிட்டாள். இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்து, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும், அதே கவந்திக்குள் அவளைப் பொதிந்தார்கள்.

தூளி கட்டாமல் பிள்ளை வளர்ந்த வீடு அந்த ஊரில் அது ஒன்றுதான். பேத்திக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. அதே கவந்தியைப் போர்த்திக்கொண்டு அவள் துள்ளும்போதெல்லாம் எங்காவது ஒரு தையல் பட்டென்று விடும், ஒரு சாண் உயருவாள். துணி இன்றுவரை கிழிந்ததில்லை. "ஒண்ணு போச்சு" என்பாள் மதீனாபி. இமாம்பி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஊசியில் பருத்தி நூலைக் கோத்துக்கொண்டே, "கீழே வாடி" என்பாள்.