எதிரணிக்குப் போர்த்திய பொன்னாடை

மயிலாப்பூரில் இருந்த அந்தக் கல்லூரியில் மாலை மரியாதை இல்லாமல் ஒரு காரியமும் தொடங்கியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி போட்டபோதுகூட யாரோ ஓய்வுபெற்ற நீதிபதி வந்து நாடா வெட்டி, தண்ணீரின் மகத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசிவிட்டுத் தாகத்தோடு வீட்டுக்குப் போனார். செயலர் ராஜகோபாலனுக்கு அப்படி நடந்தால்தான் நடந்த மாதிரி.

ஆகவே, தொண்ணூற்று நாலாம் வருஷத்துக் கல்லூரிகளுக்கிடையேயான கூடைப்பந்து இறுதி ஆட்டம் தன் வளாகத்திலேயே நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும், உடற்கல்வி இயக்குநர் வலியுல்லாவைக் கூப்பிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி அணியைப் பற்றியது அல்ல.

"மேடைக்கு எத்தனை சோபா போடலாம்?"

வலியுல்லாவின் கவலை வேறு. அந்த வருஷங்களில் தி.நகரிலிருந்து அடையாறு வரை தெருவுக்கு நாலு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. தையல் வகுப்பு நடந்த மாடிகளெல்லாம் கம்ப்யூட்டர் வகுப்பாகிவிட்டன. நம் கல்லூரிக்கும் ஒரு கம்ப்யூட்டர் கட்டடம் இல்லாவிட்டால் வெளியே தலைகாட்ட முடியாது என்று செயலர் முடிவு செய்திருந்தார். காலி இடம் என்று பார்த்தால் கேண்டீனுக்கும் பின்சுவருக்கும் நடுவே இருந்த சிமென்ட் கோர்ட் ஒன்றுதான்.

அந்தக் கோர்ட்டில்தான் வலியுல்லா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பையன்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரைத் துடைப்பத்தால் தானே தள்ளுவார். கெஞ்சிப் பார்த்தார். செயலர் பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார்: "இந்த வருஷம் ஷீல்டு நம்மகிட்ட வரட்டும், கோர்ட் இருக்கட்டும். வரலேன்னா கம்ப்யூட்டர். நியாயந்தானே?"

அது நியாயமில்லை என்பது இருவருக்குமே தெரியும். எதிரே வரப்போவது பெருங்குடிப் பக்கம் புதிதாய் எழும்பியிருந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரி. நன்கொடை வாங்காமல் சீட் கொடுத்து, நிலைவாசலில் குனிந்து நுழையும் உயரத்துப் பையன்களை ஊர் ஊராகப் பொறுக்கி வைத்திருந்தார்கள். அதற்கும் மேலே, அவர்களுக்குத் தேவசகாயம் கோச்சாக இருந்தார். ஒரு காலத்தில் பல்கலைக்கழக அணியில் வலியுல்லாவோடு சேர்ந்து ஆடியவர். ஆட்டத்தை நடுவில் நிறுத்தி, அரை நிமிஷம் பேசி, தோற்கிற ஆட்டத்தைத் திருப்பிவிடுகிற ஆள்.

முக்கிய விருந்தினராக ஈக்காட்டுத்தாங்கலில் போல்ட் நட்டு தொழிற்சாலை வைத்திருந்த சபாபதி என்பவரை அழைத்திருந்தார்கள். அவரிடமிருந்து கட்டடத்துக்குப் பெரிய தொகை வரும் என்பது செயலரின் கணக்கு. அவரைச் செயலர் நேரில் பார்த்ததில்லை. போனில் பேசியதோடு சரி. "வெள்ளை காண்டசா கார்ல வருவார்" என்று அவருடைய மேனேஜர் சொல்லியிருந்தார். வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், ரோஜா மாலை, என்.சி.சி. பேண்டு எல்லாம் அந்த வெள்ளைக் காருக்காகக் காத்திருந்தன.

வெள்ளை காண்டசாவும் வந்தது. பின்கதவு திறந்து, நரைத்த தலையும் சாம்பல் நிற சஃபாரி சூட்டுமாக ஆறடி உயரத்துக்கு ஒருவர் இறங்கினார். பேண்டு முழங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் பன்னீர் தெளித்தாயிற்று. இரண்டாவது முறை திறப்பதற்குள் மாலை மூக்கு வரைக்கும் ஏறிவிட்டது. செயலர் அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போய், பொன்னாடையும் போர்த்தி சோபாவில் உட்கார வைத்தார்.

கோர்ட்டின் ஓரத்தில் நின்றிருந்த வலியுல்லாவின் கையிலிருந்து பந்து நழுவியது.

இறங்கியவர் தேவசகாயம். அடையாறில் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் இருந்து நேராக வந்திருந்தார். பையன்களைக் கல்லூரி வேனில் ஏற்றிவிட்ட அவருடைய முதலாளி, கோச்சுக்கு மட்டும் தன் காரை அனுப்பியிருந்தார்.

வலியுல்லா மேடைக்கு ஓடினார். அதைச் சொல்லத்தான் வேண்டும், ஓடத்தான் செய்தார். செயலரின் காதருகே குனிந்து, "சார், இவரு வந்து..." என்றார்.

"தெரியும்யா, தெரியும். போய்ப் பசங்களை வரிசையா நிக்க வைங்க. கைகுலுக்கணும்."

"இல்ல சார், இவரு..."

"வலியுல்லா! மேடையில நின்னு குசுகுசுன்னு பேசக் கூடாது."

உரக்க ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் விஷயம். வலியுல்லா அதற்காக வாயைத் திறந்தார். அப்போது மூன்று காரியங்கள் அவர் கண்ணில் பட்டன. எதிரணியின் பெஞ்சில் கோச் உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதற்குப் பின்னால் சுவரோரமாகக் கட்டடத்துக்கான செங்கல் இப்போதே வந்து இறங்கியிருந்தது. மூன்றாவதாக, பொன்னாடைக்குள்ளிருந்து தெரிந்த தேவசகாயத்தின் முகம்.

அந்த முகம் கூசியது. கூச்சத்துக்கு அடியில் மலர்ந்தும் இருந்தது. எத்தனை கோப்பைகளை வாங்கிக் கொடுத்த மனிதர்! ஒரு முறையாவது அவரை யாரும் மேடையேற்றியதில்லை. கோப்பைகளைக் கொடுப்பவர்கள் எப்போதும் வேறு ஆட்கள். பந்தைத் தர்பூசணி மாதிரித் தட்டிப் பார்ப்பவர்கள். கோச்சின் இடம் கீழே, துண்டுக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் பக்கத்தில். இன்றைக்கு முதல் தடவையாக ஒருவர் அவருக்கு விசிறிக் காற்று சரியாக வருகிறதா என்று கேட்கிறார்.

மனுஷன் சந்தோஷமா உக்காந்துகிட்டிருக்கான், நான் எதுக்கு எழுப்பணும் என்று வலியுல்லா நினைத்துக்கொண்டார். நடக்கிற விழாவைக் குலைப்பது மரியாதையும் இல்லை. இப்படி நினைத்ததும் மனசு லேசாயிற்று. அவ்வளவு சீக்கிரம் லேசாகியிருக்கக் கூடாது என்பது அப்போது தோன்றவில்லை.

கீழே அவருடைய கேப்டன் கிச்சா கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றான். மாட வீதிப் பையன். உயரம் குறைவு, வேகம் அதிகம்.

"சார், அவா கோச்சைத் தூக்கி மேல வெச்சுட்டேளே! யார் சார் ஐடியா?"

"ஐடியாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மரியாதை பண்றாங்க. நீ போய் உன் ஆட்டத்தைப் பாரு."

எதிரணியின் கேப்டனும் வந்தான். "சார், எங்க கோச்..."

"மேடையில கீறாரு பாருப்பா. கௌரவம் பண்றாங்க." சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

தாங்கள் இவ்வளவு பெரிய ஆளிடமா ஆட்டம் கற்றுக்கொண்டோம் என்ற பெருமையில் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் போனான்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் உயரம் வென்றது. கிச்சா எறிந்த பந்துகளை அவர்கள் கொடியில் துணி எடுக்கிற மாதிரி எடுத்தார்கள். இடைவேளையில் தேவசகாயம் கீழே இறங்க எழுந்தார். செயலர் விடவில்லை. போண்டா வந்தது, பிறகு காபி வந்தது, அதன் பிறகு கல்லூரியின் வரலாறு வந்தது. பெருங்குடிப் பையன்கள் வட்டமாக உட்கார்ந்து, சொல்ல ஆளில்லாமல், மேடையில் தங்கள் கோச் போண்டா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் ஆட்டம் மாறியது. அவர்களுடைய நடு ஆட்டக்காரனுக்கு மூச்சு இரைத்தது. கிச்சா அதைக் கண்டுபிடித்துவிட்டான்; ஒவ்வொரு முறையும் அவன் பக்கமாகவே நுழைந்து கூடைக்கடியில் போட்டான். அந்தப் பையனை உட்கார வைத்துவிட்டு வேறொருவனை இறக்கினால் போதும், வழி அடைபட்டுவிடும். வலியுல்லாவுக்கு அது தெரிந்தது. மேடையில் தேவசகாயத்துக்கும் தெரிந்தது. அவர் சோபாவின் நுனிக்கு வந்திருந்தார்.

புள்ளிகள் நெருங்கி, சமமாகி, விலகி, மறுபடி சமமாயின. எதிரணிக் கேப்டன் ஸ்கோர் மேஜைக்கு ஓடினான். "டைம் அவுட்!"

மேஜையில் இருந்தவர் சட்டம் தெரிந்தவர். "நீ கேக்கக் கூடாது தம்பி. கோச் வந்து கேக்கணும்."

"கோச் அங்க இருக்காரு சார்!"

"இருக்காரு இல்ல? இங்க வரச் சொல்லு."

அவன் மேடையைப் பார்த்துக் கையை ஆட்டினான். தேவசகாயம் பொறுக்க முடியாமல் எழுந்தார். முக்கிய விருந்தினர் எழுந்தால் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அந்தக் கல்லூரியின் பழக்கம். செயலர் எழுந்தார். முதல்வர் எழுந்தார். துறைத் தலைவர்கள் வரிசையாக எழுந்தார்கள். அதைப் பார்த்து நாற்காலியில் இருந்த ஆசிரியர்கள் எழுந்தார்கள். எல்லாரும் எழுந்துவிட்டதைப் பார்த்த பேண்டு மாஸ்டர், இது தேசிய கீதமாகத்தான் இருக்கும் என்று குச்சியை உயர்த்தினார்.

தேவசகாயம் சுற்றிலும் பார்த்தார். நூறு பேர் தனக்காக எழுந்து நிற்கிறார்கள். இனி எப்படி இறங்குவது? உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அதற்குள் கிச்சா அதே வழியில் நுழைந்து, இரண்டு பேரின் கைகளுக்கடியில் குனிந்து, பந்தைப் பலகையில் தட்டிவிட்டான். வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது. ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. ஒரே ஒரு கூடை வித்தியாசம்.

பையன்கள் வலியுல்லாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து மேடை நேருக்கு நேராகத் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பரிசளிப்பைத் தவிர்க்க முடியுமா? தோற்ற அணியின் கோச், வென்ற அணிக்கு ஷீல்டு கொடுத்தார். இரண்டாம் பரிசுக் கோப்பையைத் தன் பையன்களுக்குத் தானே வழங்கினார். அவர்கள் அவர் காலைத் தொட்டார்கள். செயலர் மைக்கை நீட்டினார்.

"நான் பெரிய ஆள் எல்லாம் இல்லீங்க," என்றார் தேவசகாயம். "நான் சாதாரண கோச்சு. இந்தப் பசங்களோட கோச்சு. நான் கீழ இருந்திருக்கணும். இவங்க தோத்ததுக்கு நான்தான் காரணம்."

வலியுல்லா செயலரின் முகத்தைப் பார்த்தார்.

செயலர் மைக்கைத் தழுதழுப்போடு வாங்கினார். "எவ்வளவு பெரிய தொழிலதிபர்! தன்னை ஒரு சாதாரணப் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்கிறார். தோற்ற பிள்ளைகளின் தோல்வியைத் தன் தோளில் சுமக்கிறார். இதுவல்லவா அடக்கம்!" கைதட்டல் கேண்டீன் தகரத்தை அதிர வைத்தது.

எல்லாரும் கலைந்த பிறகு காண்டசாவுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். தேவசகாயம் பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லியிருக்கலாம் வலி."

"நீ எறங்கியிருக்கலாம் தேவா."

"ஆமாடா. போண்டா வந்தப்பவே எறங்கியிருக்கணும்." பொன்னாடையின் மடிப்பை நீவினார். "நல்லா இருந்திச்சிடா மேல. அதான் கஷ்டமா கீது. பசங்க மூஞ்சியப் பாத்தியா?"

"கோர்ட்டை இடிக்கிறேன்னு சொன்னாங்க தேவா. ஷீல்டு வரலேன்னா..."

"என்கிட்ட சொல்லியிருந்தா?"

"விட்டுக் குடுத்திருப்பியா?"

"மாட்டேன்," என்றார் தேவசகாயம். காரில் ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை செயலர் கூப்பிட்டனுப்பினார். முகம் கறுத்திருந்தது. உண்மையான சபாபதி அன்றைக்கு வந்திருந்தாராம். காண்டசா கிண்டியில் மக்கர் செய்துவிட்டதால் தொழிற்சாலை டெம்போவில் வந்திருக்கிறார். டெம்போவைக் காவலாளி பின்வாசலுக்கு அனுப்ப, அங்கிருந்து எட்டிப் பார்த்தவர், மேடையில் தன் பெயர் போட்ட இடத்தில் மாலையும் கழுத்துமாக இன்னொருவர் இருப்பதைக் கண்டு அப்படியே திரும்பிவிட்டார். இனி அவரிடமிருந்து ஓர் ஆணிகூட வராது.

"மேடையில இருந்தது யாருய்யா?"

"அவங்க கோச் சார். அன்னைக்கே சொல்ல வந்தேன்."

செயலர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறி, சரியாகி உட்கார்ந்தது. திரும்பியபோது அவர் பழைய ராஜகோபாலன்.

"எனக்குத் தெரியாதா? பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் வாசல் வரைக்கும் வந்தவரை அவமானப்படுத்தறது நம்ம பண்பாடு இல்லை. எதிரணிக் கோச்சையே மேடையேத்தின கல்லூரின்னு நாளைக்கு நாலு பேர் சொல்லுவான். ஆண்டு மலர்ல அப்படியே எழுதச் சொல்லிடறேன்." பிறகு, விட்டுக்கொடுக்கும் குரலில், "கோர்ட் இருக்கட்டும். வாக்குன்னா வாக்கு. நான் பேச்சு மாறமாட்டேன்."

வெளியே வந்த வலியுல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. படியிறங்கும்போது அது நின்றுபோயிற்று. விழாவைக் குலைப்பது மரியாதையில்லை என்று அன்றைக்கு அவர் நினைத்துக்கொண்டதற்கும், இந்த மனுஷன் இப்போது சொன்னதற்கும் தையல் ஒன்றுதான். செயலர் தைத்ததை ஊருக்குப் போர்த்துகிறார். வலியுல்லா தைத்ததைத் தனக்கு மட்டும் போர்த்திக்கொண்டார்.

கோர்ட்டில் கிச்சா தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"கோர்ட் இருக்கா சார்?"

"இருக்கு."

அவன் குதிக்கவில்லை. பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். "சார், எங்காத்துல எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிண்டு திரியறா. எனக்குத்தான்... நாம ஜெயிச்சது ஜெயிச்சதுதானே சார்?"

நல்ல பதில்கள் வலியுல்லாவின் நாக்கு நுனி வரை வந்து நின்றன. கூடையில் விழுந்தது உன் பந்து. சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. மரியாதை பண்ணினது நாம, உக்காந்தது அவரு. ஒவ்வொன்றும் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"தெரியலடா," என்றார்.

கிச்சா இன்னும் காத்துக்கொண்டிருந்தான். வலியுல்லா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெயிலில் சுட்ட சிமென்டில் இறங்கினார்.

"பெருங்குடிக்கு எந்த பஸ்டா போகுது? ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச் கேக்கணும். அவங்க கோர்ட்லயே ஆடலாம்."

"தோத்துடுவோம் சார்."

"தெரியும். பந்தைப் போடு."