பூசணித் தோட்டத்தில் டோனட்

1

இந்தக் கதை ஓர் ஆட்டிடமிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தில் எங்கள் ஊர். கோடை முடிந்து மேப்பிள் இலைகள் நிறம் மாறும் வாரத்தில், பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆடு ஒன்று சாலையைக் கடந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டைக் காலம் வந்துவிட்டால் இங்கே நாய், குதிரை, தபால்காரர் எல்லோருக்கும் ஆரஞ்சுதான். மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடக் கூடாதே. நான் மட்டும் காரை நிறுத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டை வைத்து எழுதிப் பார்த்தேன். அது ஒத்துழைக்கவில்லை. நாயாக்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "இலையுதிர்காலத்தின் பொன்னொளியில் க்ளோடெட்டின் தனிமை..."

வேண்டாம். க்ளோடெட் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்துப் போடுகிறவள். தனிமைக்கு அவளுக்கு ஏது நேரம்?

இன்னொன்று: "டோனட் மிக நல்ல நாய்."

பொய். டோனட் தவிட்டு நிறம், வெள்ளை வால், சொன்ன பேச்சு கேட்காத ஜென்மம். ஆனால் க்ளோடெட்டுக்கு வீடு என்றால் அதுதான். இதையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3

பக்கத்துப் பண்ணை நோர்மன் ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னான்.

"க்ளோடெட், உன் நாயப் பின்னாலேருந்து பாத்தா, அந்த வெள்ளை வாலோட, அப்படியே நம்ம காட்டு மான்தான்."

"உன்னைப் பின்னாலேருந்து பாத்தா கரடிதான். நான் சுட்டேனா?"

அதோடு பேச்சு நின்றது. அவன் எச்சரிக்கையாகச் சொன்னான், அவள் மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாள். (இதற்கா இத்தனை கோபம் என்று எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. பிறகு புரிந்தது, அவள் பயந்துபோயிருந்தாள்.) அன்றைக்கே உட்கார்ந்து டோனட்டுக்குக் கழுத்திலிருந்து வால்வரை மூடுகிற மாதிரி ஆரஞ்சுச் சட்டை ஒன்று தைத்துவிட்டாள்.

4

சனிக்கிழமை. கதவு திறந்து கிடந்தது, டோனட்டைக் காணவில்லை. காட்டுப் பக்கம் ஒரு வெடிச்சத்தம். க்ளோடெட் நாயின் கழுத்து வாரை எடுத்துக்கொண்டு, கையில் ஒட்டிய மாவோடு ஓடினாள். துப்பாக்கியோடு நோர்மன் அப்போதுதான் தன் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தான்.

"சுட்டது நீயா?"

"ஆமா, காட்டுக்கோழி. அதுவும் தப்பிச்சிருச்சு."

"டோனட்டக் காணோம், நோர்மன்."

(இந்த இடத்தில் நாய் செத்துப்போவதாக ஒரு முடிவு எழுதினேன். இலக்கியத்தரமாகத்தான் இருந்தது. எழுதும்போது என் நாய் என் பாதத்தின்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

நாய் தானாகவே வீடு திரும்புவதாகவும் ஒரு முடிவு உண்டு. அதில் நோர்மனுக்கு வேலையே இல்லை. அதுவும் போயிற்று.

நோர்மன் தோட்டாவை உருவினான். துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு, தன் ஆரஞ்சுத் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் அழுத்தினான்.

"முதல்ல இதப் போடு. நாயத் தேடப் போயி உன்ன யாரும் சுட்டுறப் போறாங்க."

5

கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை கட்டிவிட்டது. ஓடையோரம் பார்த்தார்கள். விழுந்து புளித்த ஆப்பிளைத் தின்று போதையில் மயங்கிக் கிடக்கிறதோ என்று ஆப்பிள் மரத்தடியிலும் பார்த்தார்கள்.

"ஆரஞ்சு கண்ணுல பட்டாச் சொல்லு," என்றான் நோர்மன்.

"எங்க பாத்தாலும் ஆரஞ்சாத்தான இருக்கு," என்றாள்.

நோர்மனின் பூசணித் தோட்டத்தை அவர்கள் எத்தனை தடவை கடந்தார்களோ, நான் எண்ணவில்லை. அறுவடைக்குக் காத்திருந்த பூசணிகள், வரப்பு தெரியாமல், ஆரஞ்சாகக் கிடந்தன. அதில் ஒரு பூசணி கொட்டாவி விட்டது.

க்ளோடெட் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாவி, என் உசுரையே வாங்கிட்டியே," என்று அதைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். டோனட் அவள் கையிலிருந்த மாவை நக்கியது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. எழுதியவன் நான்தான், அதற்காகச் சந்தோஷப்படக் கூடாதா?

"நல்லாத்தான் தச்சிருக்க," என்றான் நோர்மன். "பெத்தவளுக்கே தெரியல."

6

இனி க்ளோடெட் ஏதாவது சொல்ல வேண்டும். "நன்றி" என்று எழுதினேன், அவள் வாயில் அது வரவில்லை. "மன்னிச்சுக்க" என்று எழுதினேன், சுத்தமாக ஒட்டவில்லை. கடைசியில் அவளே எழுந்து, டோனட்டின் கழுத்தில் வாரை மாட்டி, அதன் மறுமுனையை நோர்மனிடம் நீட்டினாள்.

"பிடி. எனக்குக் கை நடுங்குது."

மூவரும் தோட்டத்து முனைக்கு வந்தார்கள். இடது பக்கம் அவள் வீடு, அடுப்பில் சூப். வலது பக்கம் அவன் வீடு, அங்கே சூப் கிடையாது, ஒரே ஒரு நாற்காலி. டோனட் முழு பலத்தோடு ஒரு பக்கம் இழுக்கிறது.

எந்தப் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள்தான் அவர்களோடு நடந்துபோய்ப் பார்க்க வேண்டும். போகும்போது ஏதாவது ஆரஞ்சு நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.