ஆயில்யம் முடியும் வரை

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பத்தெட்டுக்கு ஆயில்யம் முடிந்து மகம் பிறக்கிறது. பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. நடுவில் நாற்பத்திரண்டு நிமிஷம். அதற்குள் என் இரண்டாவது குழந்தையை ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று சிங்கப்பெருமாள் கோவில் ஜோசியர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை வாங்கி வரச் சொன்னது என் மாமியார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, நான்தான்.

எம்.சி.ஏ. படித்தவள் இப்படியா என்று சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் மூத்தவள் ஸ்நேகா பிறந்தபோது, மயக்கம் தெளிந்ததும் என் காதில் விழுந்த முதல் வார்த்தை "ஆயில்யமா?" என்பதுதான். கேட்டவர் என் மாமியார் கிளியம்மாள். ஆயில்யத்தில் பிறந்த பெண் போகிற வீட்டில் அவளுடைய மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. தொப்புள் கொடி விழாத குழந்தை. அவளுக்கு இருபத்தைந்து வருஷம் கழித்து வரப்போகிற, யாரென்றே தெரியாத ஒரு மாமியாருக்காக அன்றைக்கே எல்லோரும் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

தொட்டில் போட்ட அன்று ஒரு சித்தி எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். "மாமியார் இல்லாத வூடா பாத்து குட்த்துடலாம், வுடு." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எழுந்து போய் அவள் கையிலிருந்த காப்பியைப் பிடுங்கியிருப்பேன். வயிற்றில் தையல் இருந்ததால் அவள் தப்பித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு காதுகுத்திலும் யாராவது ஒருத்தி ஸ்நேகாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ஆயில்யம் இல்ல?" என்று உச்சுக்கொட்டாமல் போனதில்லை.

ஆகவே, இரண்டாவது உண்டானதும் தீர்மானித்துவிட்டேன். இந்தக் குழந்தையைப் பற்றி ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது. டாக்டர் மெட்டில்டாவுக்கு ஆபரேஷன் நாட்கள் செவ்வாயும் வெள்ளியும். செவ்வாய் வேண்டாமென்று கழித்தால் மிச்சம் அந்த ஒரு வெள்ளிதான். நான் நேரத்தைச் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பத்து மணிக்கு வெச்சுக்கறேன், ஓவியா. ஆனா ஒண்ணு. ஏற்கெனவே கீறித் தைச்ச கர்ப்பப்பை. வலி வந்தா அந்தத் தழும்பு இழுபடும். பிரிஞ்சிடுச்சுன்னா குழந்தைக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து. வலின்னு தோணின உடனே சொல்லணும். நல்ல நேரம், கெட்ட நேரமெல்லாம் அதுக்கப்புறம்தான்."

எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வலி அந்த வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கே வந்துவிட்டது.

முதலில் இடுப்பில் பிடித்தது. வாயுவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு சோதனை உண்டு. சீரகக் கஷாயம் வைத்துக் குடித்தால் சூட்டு வலி அடங்கிவிடும். பிரசவ வலியாக இருந்தால் கூடும். ஆபரேஷன் என்பதால் இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வீடு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. சொம்பில் சீரகத்தைக் கொதிக்கவைத்து, ஊதி ஊதி இரண்டு மடக்கு குடித்தேன். பத்து நிமிஷம் கழித்து சமையல் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். வலி கூடிவிட்டது.

அந்த நிமிஷமே என் கணவர் குமரேசனை எழுப்பியிருக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது. ஸ்நேகாவுக்குப் பத்து மணி நேரம் வலியெடுத்த பிறகுதானே கத்தியை எடுத்தார்கள், இன்னும் நாலு மணி நேரம் தாங்க மாட்டேனா என்று யோசித்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

ஆறரைக்கு அகரம்தென்னிலிருந்து கார் கிளம்பியது. கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது இன்னொரு வலி வந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். எதிரே டீக்கடையில் யாரோ வடையைப் பேப்பரில் வைத்து எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஏன் பேசாம வர?" என்றார் குமரேசன்.

"பசிக்குதுங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்தான். டென்ஷன் ஆவாத" என்றார். அவர்தான் சிக்னலில் நின்றுகொண்டே ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் மூன்று மாடி ஆஸ்பத்திரி அது. செல்வமேரி சிஸ்டர் பச்சை கவுனை மாட்டிவிட்டு, ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார். ஜெல்லைத் தடவி வயிற்றில் கருவியை வைத்ததும் குழந்தையின் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. "நூத்தி நாப்பது. சூப்பரா கீது. வலி கிலி எதுனா இருக்கா?"

"இல்ல சிஸ்டர்."

வலி வரும்போதெல்லாம் டிரிப்ஸ் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, சுவரில் நெற்றியை முட்டி நின்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்தது ஆறு நிமிஷமாகியது. எட்டே கால். எட்டு இருபத்தொன்று. போனை எத்தனை முறை பார்த்தாலும் நேரம் நகரவில்லை. அடிவயிற்றில், பழைய தையல் இருந்த இடத்தில், புதிதாக ஓர் எரிச்சல் ஆரம்பித்திருந்தது. வலி விட்ட பிறகும் எரிச்சல் விடவில்லை. குழந்தை உதைத்தே வெகு நேரமாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. விரலால் குத்திப் பார்த்தேன். அசைவில்லை. அப்படியும் வாயைத் திறக்கவில்லையே, அதுதான் என் திமிர்.

எட்டே முக்காலுக்குக் கிளியம்மாள் வந்தார். ஸ்நேகாவை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறார். குமரேசன் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யக் கீழே போயிருந்தார். வந்தவர் உட்காரவில்லை. கட்டிலருகே வந்து என்னையே பார்த்தார்.

"அடுப்பாண்ட சொம்புல சீரகம் கெடந்துச்சே. யாரு குட்ச்சது?"

"தெரியல அத்தை."

சொல்லி முடிப்பதற்குள் வலி வந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்தேன். அவர் பார்வை என் முகத்திலிருந்து கைக்கு இறங்கியது.

"எப்பத்துலருந்து?"

மூச்சு திரும்பியதும் அவர் கையைப் பிடித்தேன். "அத்தை, இன்னும் ஒரு மணி நேரம்தான். ஆயில்யம் போயிடும். யாருகிட்டயும் சொல்லாதீங்க. உங்களுக்கும் அதுதானே வேணும்?"

"எனுக்கு இன்னா வேணும்னு உனுக்குத் தெரியுமா?" என்றார். கையை உதறிக்கொண்டு கதவைத் திறந்தார். "சிஸ்டரு! ஓடியாம்மா! பொண்ணுக்கு வலி வந்துகினு கீது, வாய மூடிகினு மறைக்கிறா!"

எட்டி அவர் முந்தானையைப் பிடித்தேன். அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன். அன்றைக்கு வாயை வைத்ததும் இவள்தான், இன்றைக்குக் காரியத்தைக் கெடுப்பதும் இவள்தான் என்று நினைத்தேன்.

செல்வமேரி வந்து வயிற்றில் கை வைத்தார். முகம் மாறியது. கருவியை வைத்துத் தேடினார். வெறும் இரைச்சல். இன்னும் கீழே தேடினார். கடைசியில் துடிப்பு கேட்டது. காலையில் கேட்டதுபோல் இல்லை, விட்டுவிட்டு மெதுவாக அடித்தது.

"தொண்ணூறு" என்றார், என்னிடம் இல்லை. பிறகு ஓடினார்.

அதற்கப்புறம் எல்லோரும் ஓடினார்கள். கீழே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் மெட்டில்டா படியேறி வந்தார். குமரேசன் எதையும் படிக்காமல் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டும்போது கிளியம்மாள் சுவரோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. டாக்டர் வழக்கமாக ஏதாவது பேசிக்கொண்டே வேலை செய்வார். அன்று பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"இங்க பாரு செல்வமேரி. தழும்பு தாள் மாதிரி கிடக்கு. உள்ளே குழந்தையோட முடி தெரியுது."

அது எனக்குக் கேட்டது. என் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. இழுத்தார்கள், அமுக்கினார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபத்தொன்று. யாரோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரத்து மேஜைக்குப் போனார்கள். சத்தமில்லை. எண்ணினேன். ஐந்து. பத்து. பதினைந்து. எந்த நட்சத்திரமாவது இருந்துவிட்டுப் போகட்டும், அழுதால் போதும், அழு, அழு என்று உள்ளுக்குள் கத்தினேன். முப்பதுக்கு மேல் எண்ண எனக்குத் தைரியமில்லை.

அப்புறம் அழுதாள். கோபமாக, விடாமல் அழுதாள்.

"பொண்ணு" என்றார் செல்வமேரி.

டாக்டர் துணிக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தார். "இன்னும் பத்து நிமிஷம் வாய மூடிட்டு இருந்திருந்தேன்னா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் தைக்கப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து என் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். கிளியம்மாளின் போன் விடாமல் அடித்தது. எல்லோருக்கும் தாயும் பிள்ளையும் நலமா என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி நேரம்தான். சித்தியின் அழைப்பு வந்தபோது போனைக் கையால் மூடிக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"ஒம்போது அம்பதுன்னு சொல்லிடவா? யாரு வந்து பாத்தாங்க? உனுக்கும் நிம்மதி."

பாவம், எனக்காகத்தான் கேட்டார். எனக்கும் பேசத் தெம்பில்லை. சரி என்று கண்ணை மூடினேன். "மகம்டி, மகம்" என்று அவர் வராந்தாவில் சொல்வது கேட்டது.

சாயங்காலம் மாமனார் துரைராஜ், ஸ்நேகாவை யூனிஃபார்மோடு கூட்டிக்கொண்டு வந்தார். அவள் ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே வந்து, தங்கையின் மடங்கிய விரல்களைக் குனிந்து பார்த்தாள். தொடுவதற்குக் கையை நீட்டினாள்.

"ஆயா, பாப்பா என் நட்சத்திரமா?"

"இல்லடா கண்ணு. பாப்பாவுக்கு நல்ல நட்சத்திரம்" என்றார் கிளியம்மாள்.

ஸ்நேகா கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைக் கேட்டாள்: "அப்ப நான் தொட்டா பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதாம்மா?"

ஐந்து வருஷமாக ஊர்க்காரிகளிடம் மல்லுக்கு நின்றேன். ஆனால் நாலு மாசமாக என் வீட்டில், இவள் காதுபட, இவளுடைய நட்சத்திரம் மட்டும் வந்துவிடக் கூடாது என்று பேசிக்கொண்டிருந்தது நான்தான். தையல் வலித்ததைவிட இது வலித்தது. உடம்பைத் திருப்பி, அவள் கையை முதுகுக்குப் பின்னாலிருந்து இழுத்துக் குழந்தையின் நெஞ்சில் வைத்தேன்.

"ஆயா தப்பாச் சொல்லிட்டாங்க. பாப்பாவுக்கு உன் நட்சத்திரம்தான். ஒன்பது இருபத்தொண்ணு." பிறகு கிளியம்மாளைப் பார்த்தேன். "அத்தை, போன் போட்டு மாத்திச் சொல்லிடுங்க."

அவர் பைக்குள் கையை விட்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு சித்திக்குப் போன் போட்டார். வராந்தாவுக்குப் போகவில்லை. ஸ்நேகாவுக்குப் பக்கத்திலேயே நின்று, மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார்.

"ஆங், நாந்தான். ஆயில்யம்டி. ரெண்டும் ஆயில்யந்தான். இன்னா இப்போ?"